கண்ணைச் செலுத்தும் நரம்பும் கற்கும் பிள்ளையும்

(சிங்கவரத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் கல்வியும் முன்னேற்றமும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அப்பொருள் குறித்துப் பேச என்னினும் வல்லவர் பலர் இம்மேடையிலேயே உளர். ஆதலின் நான் மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டேன். அது மூளையிலிருந்து புறப்பட்டுக் கண்ணைச் சென்றடையும் ஒரு நரம்பு, நூல்போல் மெல்லியது. அதற்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். கல்வியைக் கண் என்று போற்றியவர்கள் நம் முன்னோர். ஆசிரியனாகிய நானோ அதனைச் சற்றே மாற்றி, கல்விக்கு முதல் வாயில் கண்ணே என்று சொல்ல வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். வரலாறு படித்துப் பள்ளிக்கூடத்தில் வயது முதிர்ந்தவன். மருத்துவர்கள் நூல்களில் எழுதி வைத்தவற்றையும், வகுப்பறையில் என் கண் கண்டவற்றையும் சேர்த்தே உரைக்கிறேன்.

மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் 12 இணைகள். அவற்றுள் இரண்டாவது பார்வை நரம்பு. அது காட்சியை மூளைக்கு எடுத்துச் செல்லும். ஆனால் காண்பது வேறு, கண்ணைச் செலுத்துவது வேறு. ஒவ்வொரு விழியையும் அசைப்பதற்கு ஆறு சிறு தசைகள் உள்ளன. அவற்றுள் நான்கு, விழியை மேலும் கீழும் மூக்கின் பக்கமும் காதின் பக்கமும் இழுப்பன. மற்ற இரண்டும் சாய்வாக அமைந்து விழியைச் சுழற்றுவன. இந்த ஆறு தசைகளை மூன்று நரம்புகள் பகிர்ந்துகொண்டு ஆள்கின்றன. காதின் பக்கம் இழுக்கும் தசையை ஆறாம் நரம்பு ஆளும். சாய்தசைகளில் மேலுள்ளதை நான்காம் நரம்பு ஆளும். அந்தத் தசையின் நாண், கிணற்றுக் கப்பியில் ஓடும் கயிற்றைப்போல் ஒரு சிறு வளையத்தின் வழியே சென்று திரும்புகிறது என்பது வியப்புக்குரிய செய்தி.

எஞ்சிய நான்கு தசைகளும் மூன்றாம் நரம்பின் பொறுப்பு. இதனை விழி இயக்க நரம்பு என்பர். நடுமூளையில் பிறக்கும் இந்நரம்பின் கடமை இந்நான்கு தசைகளோடு நின்றுவிடவில்லை. மேல் இமையைத் தூக்கி நிறுத்துவது இதுவே. கண்ணின் நடுவே கருமையாகத் தெரியும் பாவையை ஒளிக்கேற்பச் சுருக்குவதும் இதுவே. அருகிலுள்ள பொருள் தெளிவாகத் தெரியும்படி விழிக்குள் இருக்கும் லென்சைத் தடிக்கச் செய்வதும் இதுவே. கண்ணைத் திறக்க உதவுவது மூன்றாம் நரம்பு; இமையை மூடுவதோ முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு. திறப்பதற்கு ஒருவரும் மூடுவதற்கு ஒருவரும் என இயற்கை வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

இனி, ஒரு பிள்ளை பாடநூலைப் படிக்கும்போது நடப்பதைச் சற்று உற்று நோக்குவோம். நம் கண் எழுத்துகளின்மீது நீர்போல் வழுக்கிச் செல்வதாக நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. கண் தாவித் தாவிச் செல்கிறது. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் வினாடி நின்று சில எழுத்துகளைப் பற்றிக்கொண்டு, அடுத்த இடத்திற்குத் தாவுகிறது. வரி முடிந்ததும் திரும்பி அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறாமல் பிடிக்கிறது. இத்தனைக்கும் இரு கண்களும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் ஊன்றி நிற்க வேண்டும். நூல் அருகில் இருப்பதால் இரு விழிகளும் சற்று மூக்கை நோக்கித் திரும்ப வேண்டும். லென்சு தடிக்க வேண்டும். பாவை சுருங்க வேண்டும். இம்மூன்றும் மூன்றாம் நரம்பின் வேலை என்பதை முன்னரே சொன்னேன். ஆகவே இதனைப் படிக்கும் நரம்பு என்று நான் அழைத்தால் மருத்துவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இந்த ஒத்திசைவில் எங்கேனும் குறை நேர்ந்தால் பிள்ளை என்ன செய்யும்? படித்த வரியையே மீண்டும் படிக்கும். ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லும். கால் மணி நேரத்தில் தலை வலிக்கிறது என்னும். கண்ணைக் கசக்கும், ஒரு கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கும். பின்னர்ப் புத்தகத்தையே வெறுக்கும். தனக்கு எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்று அது சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் போலும் என்றே அது எண்ணியிருக்கும். ஆசிரியர் கண்ணுக்குத் தெரிவதோ திக்கித் திணறும் பிள்ளை மட்டுமே. உடனே மந்தம் என்ற சொல் பிறந்துவிடுகிறது.

பெரியோர்களே! இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு நேரும் தீங்கு மற்றவர்களுக்கு நேர்வதைவிடப் பெரிதாகிறது. படித்த குடும்பத்துப் பிள்ளை படிக்கத் திணறினால், என்ன குறையோ என்று தாயும் தந்தையும் மருத்துவரைத் தேடி ஓடுவார்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் நம் குடியிருப்புப் பிள்ளை திணறினால், இது எதிர்பார்த்ததுதானே என்று சொல்லும் நாக்குகள் இன்னும் ஓயவில்லை. அண்ணல் அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிப் பையில் தனியே அமர்ந்து படித்தார் என்பதை நாம் அறிவோம். அந்தக் கோணிப் பை இன்று இல்லை. ஆனால் பிள்ளையின் கண்ணைப் பாராமலே அதன் அறிவுக்கு விலை போடுகிற வழக்கம் அதே கோணிப் பையின் மறுவடிவம் என்றே நான் கருதுகிறேன்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எப்போதும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே கரும்பலகையைப் பார்ப்பான். பணிவில்லாத பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தான். பள்ளிக்கு வந்த கண் மருத்துவக் குழுவினர் அவனைச் சோதித்து, ஒரு விழியின் தசையைச் செலுத்தும் நரம்பு பிறவியிலேயே நலிந்திருக்கிறது என்றும், நேராகப் பார்த்தால் காட்சி இரண்டாவதால் முகத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறான் என்றும் கூறினர். பணிவின்மை என்று நாம் எண்ணியது அப்பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொண்ட மருத்துவம்! கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும் பிள்ளையும், மோவாயை உயர்த்தி இமைக்குக் கீழாகப் பார்க்கும் பிள்ளையும் இவ்வகையினராக இருக்கக்கூடும்.

சிங்கவரத்தாருக்கு முகம் திருப்பிய கதை புதிதன்று. தேசிங்குராஜன் 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்க்கப் புறப்பட்டு விடைகேட்டபோது, இக்குன்றின் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் போக வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் எனச் செஞ்சி வட்டாரத்தில் சொல்வதுண்டு. முகம் திரும்பியதன் பொருளை அரசன் உணரவில்லை என்று கதை இரங்குகிறது. நம் வகுப்பறையில் முகம் திருப்பும் பிள்ளையின் பொருளையேனும் நாம் உணர வேண்டாமா?

அடுத்து மாறுகண் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கண் நேராகவும் மற்றொன்று விலகியும் நோக்குவதை ஒன்றரைக்கண் என்று கேலி பேசுவோர் உண்டு. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி மகிழ்வோரும் உண்டு. கேலியும் தீது, மகிழ்ச்சியும் தீது. பிள்ளைகளின் மாறுகண்ணில் பெரும்பாலும் நரம்பு அறுபட்டோ செத்தோ போவதில்லை. சிலருக்குக் கிட்டத்துப் பொருளைத் தெளிவாகக் காண முயலும் கடும் உழைப்பே விழியை உள்நோக்கி இழுத்துவிடுகிறது. அவர்களுக்குத் தக்க கண்ணாடி அணிவித்த அளவிலேயே விழி நேராகிவிடுவதுண்டு. சிலருக்குத் தசையின் நீளத்தையும் இடத்தையும் சீர்செய்யும் அறுவை தேவைப்படும். அதில் விழியை வெளியே எடுப்பார்கள் என்னும் அச்சம் முற்றிலும் தவறானது. விழி தன் இடத்திலேயே இருக்கும்.

மாறுகண்ணை அழகுக் குறை என்று மட்டும் எண்ணி, வயது வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது பெருங்கேடு. இரு விழிகளும் இரு வேறு திசையை நோக்கினால் மூளைக்கு இரண்டு காட்சிகள் சென்று சேரும். குழப்பத்தைத் தவிர்க்க, வளரும் மூளை ஒரு கண்ணின் செய்தியை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட கண் நாளடைவில் பார்வைத் திறனை இழக்கிறது. விழியில் புண் இல்லை, புரை இல்லை. ஆனாலும் பார்வை இல்லை. இதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் தோன்றும். அந்தக் கண் சோம்பலால் கெடவில்லை. வேலை தரப்படாமையால் கெட்டது. வாய்ப்பை மறுத்துவிட்டுச் சோம்பேறி என்று பட்டம் சூட்டும் வழக்கத்தை நம் மக்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

இதற்குரிய மருத்துவமும் சிந்திக்கத்தக்கது. முதலில் வேண்டிய கண்ணாடியைக் கொடுப்பார்கள். பின்னர், நன்றாகத் தெரியும் கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடி வைத்து, நலிந்த கண்ணைப் பார்க்கச் செய்வார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் நடக்கும் இச்செயலால் நல்ல கண்ணுக்கு இழப்பு நேர்வதில்லை. இரு கண்ணும் சேர்ந்து காண்பதுதான் இதன் குறிக்கோள். இரண்டும் சேர்ந்தாலன்றோ ஆழமும் தொலைவும் செவ்வையாகப் புலப்படும். ஊசியில் நூல் கோக்கவும் வரப்பில் விரைந்து நடக்கவும் எளிதாகும்! இட ஒதுக்கீடு ஏன் என்று என்னிடம் வினவுவோர்க்கு நான் இந்த மருத்துவத்தையே எடுத்துச் சொல்வதுண்டு. ஒரு கண்ணை மட்டும் வளர்த்த உடல் நேராக நடந்துவிடாது.

ஆனால் இம்மருத்துவத்திற்குக் காலம் முக்கியம். ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் பயன் மிகுதி. அதற்குப் பின்னும் ஓரளவு பயன் கிடைக்கக்கூடும் என்பதால் பெரிய பிள்ளைகளையும் காட்டத்தான் வேண்டும். எனினும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பலன் குறைகிறது. பிறந்த சில வாரங்களில் குழந்தையின் விழி அவ்வப்போது விலகுவது இயல்பு. மூன்று நான்கு மாதங்களுக்குப் பின்னும் விலகினால் காட்ட வேண்டும். பாவைக்குள் கருமைக்கு மாறாக வெண்மை தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அது பிறவிப் புரையாகவோ விழித்திரையில் தோன்றும் புற்றாகவோ இருக்கக்கூடும்.

பிள்ளைகளைப் பற்றியே பேசினேன். அவர்களைப் படிக்க வைக்கும் பெரியவர்களின் நலமும் இந்நரம்போடு பின்னிக் கிடக்கிறது. வயது வந்த ஒருவருக்குத் திடீரென ஒரு கண்ணின் மேல் இமை தொங்கிவிடுகிறது. இமையைத் தூக்கிப் பார்த்தால் விழி வெளிப்பக்கமும் சற்றுக் கீழாகவும் நிலைத்திருக்கிறது. மூன்றாம் நரம்பு செயலிழந்தமையால், மற்ற இரு நரம்புகள் ஆளும் தசைகள் இழுத்த பக்கம் விழி போய் நிற்கிறது. காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துச் செல்வோர் இன்றும் உளர். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய குழாய்களைப் பழுதாக்கி இந்நிலையை உண்டாக்கக்கூடும். அத்தகையோர்க்குப் பாவை பெரும்பாலும் மாறாது. சில மாதங்களில் இமையும் விழியும் பெரும்பாலும் சீராகிவிடும். சீராவது மந்திரத்தால் என்று கொள்ள வேண்டா. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே அடிப்படை. ஆனால் இமை தொங்குவதோடு பாவையும் விரிந்து கடுந்தலைவலியும் சேருமானால், மூளைக் குழாய் ஒன்று புடைத்து நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே கேடு. அன்றே, அப்போதே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எது எளியது, எது கொடியது என்று வீட்டில் இருந்து நாம் முடிவு செய்யலாகாது; மருத்துவரே முடிவு செய்யட்டும்.

நீரிழிவு பற்றிச் சொல்லும்போது அண்ணலின் இறுதி ஆண்டுகள் நினைவுக்கு வருகின்றன. இரவெல்லாம் விளக்கின் அருகே படித்த அவரை நீரிழிவு வாட்டியது, பார்வையும் குன்றியது. அந்நிலையிலும் புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலுக்காக உழைத்தார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். நூல் 1957இல் வெளிவந்தது. அவர் படத்திற்கு மாலையிடும் நாம், நாற்பது வயது கடந்தவுடன் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

தலையில் அடிபட்டவர்க்கு மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மண்டைக்குள் இரத்தம் கசிந்து மூளை அழுந்தும்போது மூன்றாம் நரம்பும் நசுங்கி, ஒரு பாவை விரிந்து ஒளிக்கு அசையாமல் நின்றுவிடும். அந்த ஒரு குறி, உயிருக்கு நேரும் ஆபத்தை அறிவிக்கும் மணியோசை. 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் பா. இராமமூர்த்தி மூளை, நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அந்நாளில் நம் வட்டாரத்தில் அடிபட்டவர் சென்னைக்குப் போய்ச் சேர்வதே அரிது. 2010இல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. சாலை விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பெற்றது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரையும், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த இளைஞரையும், குடித்துவிட்டு உறங்குகிறார் என்று திண்ணையில் கிடத்திவிடாதீர்கள். தலையில் அடிபட்டவர் மயங்கினாலும் வாந்தி எடுத்தாலும் 108ஐ அழையுங்கள். தலைக்கவசம் அணியாத இளைஞர்கள் இங்கே பலர் அமர்ந்திருக்கிறீர்கள், உங்களையே சொல்கிறேன்.

கண் மருத்துவத்தில் நம் தமிழகம் பின்தங்கிய நாடன்று. சென்னையில் கண் மருத்துவமனை 1819லேயே தோன்றியது. இன்று அது எழும்பூரில் இயங்குகிறது. முடக்கு வாதத்தால் விரல்கள் கோணிப்போன மருத்துவர் கோ. வெங்கடசாமி, அந்த விரல்களாலேயே கண்ணறுவை பழகி, ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கிளை 2003இல் புதுச்சேரியில் அமைந்தது. பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து இலவசமாகக் கண்ணாடி வழங்கக் கண்ணொளி காப்போம் திட்டத்தை அரசு 2009இல் தொடங்கியது. மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கும் தேசியத் திட்டம் 2013இல் வந்தது.

அங்ஙனமாயின் குறை எங்கே? குழுவினர் வரும் நாளில் நம் பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை. மணிலா பிடுங்கும் பருவத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறது. குழுவினர் எழுதித் தந்த சீட்டு கூரை இடுக்கில் செருகிக் கிடக்கிறது. புதுச்சேரிக்கோ முண்டியம்பாக்கத்திற்கோ செல்ல வேண்டுமானால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. வழிச் செலவும் சேர்கிறது. மறுமுறை வரச் சொன்னால் மறுநாள் கூலியும் போகிறது. கண்ணாடி இலவசமாயினும், அந்த நாள் இலவசமன்று. இதனை அறியாதவர்களே பெற்றோர்க்கு அக்கறை இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே இந்த வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, அங்கன்வாடியிலும் முதல் வகுப்பிலும் சேரும் நம் பிள்ளை ஒவ்வொன்றின் கண்ணையும் சேர்ந்த மாதத்திலேயே சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நம் படித்த இளைஞர்கள் பயிற்சி பெற்றால் முதற்சோதனையைத் தாமே செய்யலாம். முகத்துக்கு நேரே சிறு விளக்கைக் காட்டினால் அதன் ஒளிப்புள்ளி இரு பாவைகளிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒரு கண்ணை மூடும்போது பேசாமல் இருந்த குழந்தை, மறு கண்ணை மூடியதும் அழுது கையைத் தட்டிவிட்டால், திறந்திருக்கும் கண்ணில் பார்வை குறைவோ என்று ஐயுற வேண்டும். ஐயம் உள்ளவர்களை மருத்துவரிடம் அனுப்பினால் போதும்; நோயின் பெயரை அவர் சொல்லட்டும்.

இரண்டாவது, கல்வி உதவி நிதியில் ஒரு பகுதியைக் கண் மருத்துவத்திற்குச் செல்லும் தாய்மாரின் வழிச் செலவுக்கும் கூலி இழப்புக்கும் ஒதுக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் கொடுப்பது கல்விப் பணி என்றால், அதைப் படிக்கும் கண்ணைக் காப்பதும் கல்விப் பணியே. அழைத்துச் செல்ல ஆளில்லாத பிள்ளைக்குச் சங்கத்தினர் ஒருவர் துணை போக வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோள் என் இனத்தவராகிய ஆசிரியர்களுக்கு. ஒரு பிள்ளையை மந்தம் என்று பதிவேட்டிலோ மனத்திலோ எழுதுமுன், அதன் கண்ணையும் காதையும் சோதித்தாயிற்றா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். மாறுகண் உள்ள பிள்ளையை வகுப்பில் எவரும் பட்டப்பெயர் சொல்லி அழைக்க இடந்தரலாகாது. கண்ணாடி அணிந்து வரும் பெண் பிள்ளையிடம், இனி யார் உன்னைக் கட்டிக்கொள்வார் என்று கேட்கும் பாட்டிமாருக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

முன்னே சொன்ன மாணவனுக்கு அறுவைக்குப் பின் முகம் நேரானது. வரிகளைத் தவறவிடாமல் படிக்கலானான். அவன் பெரும்புலவன் ஆனான் என்று சொல்லி உங்களை மகிழ்விக்க நான் விரும்பவில்லை. எல்லாப் பிள்ளைகளையும்போல் சில பாடங்களில் நன்றாகவும் சிலவற்றில் சுமாராகவும் படித்தான். அந்த இயல்பான வாய்ப்பைத்தான் நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கேட்கிறேன். அடுத்த 25 ஆண்டுகளில் இச்சங்கம் பட்டதாரிகளின் எண்ணிக்கையோடு, உரிய வயதில் காக்கப்பெற்ற கண்களின் எண்ணிக்கையையும் தன் ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் என்று வேண்டுகிறேன்.